கோல் கணக்கில் அணியின் பங்கு



எண்களை நேர்மையாகக் கையாள வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவர் மனத்துக்கு உகந்த பொருளாக இருக்கட்டும் என்று கால்பந்து வீரர்களின் கோல் விகிதத்தை எடுத்துக்கொண்டேன். அடித்த கோல்களை ஆடிய ஆட்டங்களால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். அந்த ஒற்றை எண்ணை வைத்து ஒருவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம், இன்னொருவரைத் தூற்றுகிறோம். அணியின் பங்கைப் பிரித்துக் காட்டாதவரை அது பாதிக் கணக்குதான் என்பது என் வாதம்.

ஸ்பெயின் நாட்டு முன்கள வீரர் பெர்னாண்டோ டோரஸ் லிவர்பூல் அணிக்காக பிரீமியர் லீக்கில் 102 ஆட்டங்களில் 65 கோல் அடித்தவர். 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டுக்கு செல்சிக்கு மாறினார். அங்கே 110 லீக் ஆட்டங்களில் 20 கோல்கள். ஆட்டத்துக்கு 0.64 என்றிருந்த விகிதம் 0.18 ஆகிவிட்டது. அணி மாறியபோது அவருக்கு வயது 26. முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய வேகம் குறைந்தது உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் லிவர்பூலில் நடுக்கள வீரர் ஸ்டீவன் ஜெரார்டு பின்னாலிருந்து பந்தை அனுப்ப, தடுப்பு வீரர்களைத் தாண்டி ஓடிப் பிடிப்பதே டோரஸின் ஆட்டம். செல்சியில் அந்த ஜெரார்டு இல்லை. ஆள் கெட்டுவிட்டார் என்று எழுதியவர்கள் இதை ஒரு வரியாகவாவது சேர்த்திருக்க வேண்டும்.

அர்ஜென்டினா வீரர் மெஸ்ஸியின் கணக்கு இன்னும் தெளிவானது. பார்சிலோனாவில் 778 ஆட்டங்களில் 672 கோல்கள், அதாவது 0.86. பாரிஸ் அணியில் 75 ஆட்டங்களில் 32, 0.43. சரிபாதி! வயதுதான் காரணம் என்பீர்கள். அதே பாரிஸ் காலத்தில், 35 வயதில், 2022 கத்தார் உலகக் கோப்பையின் 7 ஆட்டங்களில் அர்ஜென்டினாவுக்காக 7 கோல் அடித்தார். அவற்றில் 4 பெனால்டி. ஏழு ஆட்டம் என்பது சிறிய மாதிரியும்கூட. என்றாலும் வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது: பாரிஸில் சக வீரர் எம்பாப்பேக்குப் பந்து கொடுப்பது அவர் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. 2022-23 பிரெஞ்சு லீக்கில் அவர் அடித்த கோல்கள் 16, அடிக்க உதவிய கோல்களும் 16.

என் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு கெவின் பிலிப்ஸ். கீழ் டிவிஷனிலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்த சண்டர்லாந்து அணிக்காக 1999-2000 சீசனில் 36 லீக் ஆட்டங்களில் 30 கோல் அடித்தார். ஐரோப்பியத் தங்கக் காலணி விருதை வென்ற முதல் ஆங்கிலேயர் அவரே. விகிதம் 0.83. 2022-23இல் மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 35 ஆட்டங்களில் 36 கோல் அடித்து 1.03 எட்டினார். ஹாலண்டே மேல் என்று எண் சொல்கிறது. ஆனால் சிட்டி அந்த லீக்கில் அடித்தவை 94 கோல்கள். ஹாலண்டின் பங்கு 38 விழுக்காடு. சண்டர்லாந்து மொத்தமே 57 கோல்தான் அடித்தது. பாதிக்கும் மேல் பிலிப்ஸின் காலிலிருந்தும் தலையிலிருந்தும் வந்தவை. அவருக்கும் துணை உண்டு: நெட்டையரான நயால் குவின் தலையால் தட்டிவிடும் பந்துகள்.

பங்கு விழுக்காட்டை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸ் 2013-14இல் 33 ஆட்டங்களில் 31 கோல் அடித்தார். ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. அணி 101 கோல் அடித்ததால் அவர் பங்கு 31 விழுக்காடாகத் தெரிகிறது. அதற்காக அவரைப் பிலிப்ஸுக்குக் கீழே வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே மாணவர்களே, உங்கள் ஊர் லீக் ஆட்டங்களுக்குக் குறிப்பேடு எழுதும் வாய்ப்பு வந்தால் வீரரின் கோல்களுக்குப் பக்கத்தில் மூன்று பத்திகள் கூடுதலாகப் போடுங்கள்: களத்தில் நின்ற நிமிடங்கள், பெனால்டியில் வந்த கோல்கள், அந்தக் காலத்தில் அணி அடித்த மொத்தக் கோல்கள். வீரர் அணி மாறினால் புதிய பக்கம் தொடங்குங்கள். இரண்டு அணிகளின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள்.