அட்டைப்படத்தில் பேய் எங்கே?

(நம் கல்லூரி நுண்கலை மன்றத்தின் இவ்வாண்டுத் தொடக்க விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மன்றச் செயலாளர் தம்பி போன் செய்து, "சார், மங்கா பத்திப் பேசணும்" என்றார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். "மாங்காய் பத்தி நான் என்னப்பா பேசுறது, தாவரவியல் துறையில கேளு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக்கதை. முன் வரிசைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நாம் விடுதியில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த முத்து காமிக்ஸுக்கு அது தூரத்துச் சொந்தம். ஆனால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நான் முதல் நாள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, முதல் கொலையிலேயே கொலைகாரன் யாரென்று கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு தூங்கினேன்.

தொழிலால் நான் அட்டைப்பட ஓவியன். 1980களின் கடைசியிலிருந்து மாத நாவல்களுக்கு வரைந்தவன். அதிலும் பேய்க்கதை வந்தால் என்னிடம்தான் வரும். எனக்கென்று ஒரு சமையல் குறிப்பு இருந்தது. ஒரு மண்டை ஓடு, ஒரு முழு நிலா, ஒரு வவ்வால், கத்துகிற ஒரு பெண், கீழே ரத்தம் சொட்டும் எழுத்து. கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தால் ஒரு பூனை. "காசு கொடுக்கிறவனுக்கு அட்டை நிறைஞ்சு இருக்கணும்" என்பார் எங்கள் பதிப்பாளர். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு முப்பது வருஷம் நிறைத்தேன்.

2020இல் ஊரடங்கின்போது மகள் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு வீட்டுக்கு வந்தாள். எல்லாம் ஒரே தொடர். பெயர் 'பிளீச்'. "என்னம்மா கதை?" என்றேன். "பேய்க்கதைப்பா. செத்தவங்க, எமதூதர்கள், ஆவிகளைத் தின்கிற பிசாசுகள்" என்றாள். தொழில் ஆர்வத்தில் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைப் பார்த்தேன். வெளிறிய பின்னணி. பெரும்பாலும் ஒரே ஓர் ஆள். ஒரு தலைப்பு. அவ்வளவுதான்.

"பேய் எங்கேம்மா?"

"உள்ள இருக்குப்பா."

"அட்டையில இல்லாம உள்ள இருந்து என்ன பிரயோஜனம்? எவன் வாங்குவான்?"

அவள் சிரித்துவிட்டுச் சொன்ன கணக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைட்டோ குபோ என்ற ஓவியர் எழுதி வரைந்த இந்தத் தொடர், 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில் 2001 ஆகஸ்டில் தொடங்கி 2016 ஆகஸ்ட் வரை வந்தது. 686 அத்தியாயங்கள். புத்தகமாக 74 தொகுதிகள். 2004ஆம் ஆண்டுக்கான ஷோகாகுகான் விருதும் பெற்றது. பூனைகூட இல்லாத அட்டைகளோடு!

இன்னொன்றையும் அவள் சொன்னாள். ஜப்பானியக் கடைகளில் இந்தத் தொகுதிகளைப் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு மூடித்தான் வைக்கிறார்கள். புரட்டிப் பார்க்க முடியாது. புதிதாக வந்தவை மேசையில் முகம் மேலே தெரியப் படுத்துக் கிடக்கும். ஆக, அட்டை மட்டும்தான் வாசகனோடு பேச வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த மனிதர் அட்டையை ஏன் காலியாக விட்டார்?

பதில் பெயரிலேயே இருக்கிறது. கிமோனோ உடுத்திய மரண தேவதைகளை வரைய வேண்டும் என்ற ஆசையில்தான் குபோ இந்தக் கதையைத் தொடங்கினார். அவர்கள் உடுப்பது கறுப்பு. அதனால் முதலில் 'கறுப்பு' என்றே கதைக்குப் பெயர் வைக்க நினைத்தார். அது ரொம்பச் சாதாரணமாகப் பட்டது. பிறகு 'வெள்ளை' என்று யோசித்தார். கடைசியில் வெள்ளையை நினைவூட்டும் 'பிளீச்', அதாவது வெளுப்பு, என்று முடிவு செய்தார். இருட்டுக் கதைக்கு வெளுப்பு என்று பெயர்!

இது அவர் ஒருவருடைய குறும்பு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஜப்பானில் இறந்தவருக்கு உடுத்துவது வெள்ளை உடை. 18ஆம் நூற்றாண்டில் மருயாமா ஓக்யோ என்ற ஓவியர் இருந்தார். ஜப்பானியப் பேய்க்குக் கால் இல்லாமல் போனதற்கு அவர்தான் காரணம் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. அவர் வரைந்த பேய் வெள்ளை உடையும் அவிழ்ந்த கூந்தலுமாக நிற்கும் பெண். இடுப்புக்குக் கீழே உருவம் மெல்ல மெல்ல மங்கி வெற்றிடத்தில் கரைந்துவிடும். கோரைப்பல் கிடையாது, ரத்தம் கிடையாது. அந்த வெற்றிடம்தான் மறு உலகம். படத்தில் வேண்டுமென்றே காலியாக விடும் இடத்துக்கு அவர்கள் மொழியில் 'யோஹாகு' என்று ஒரு பெயரே இருக்கிறது. நம் தொழிலில் அதற்கு 'வேஸ்ட்' என்று பெயர்.

சரி, 74 அட்டைகளில் எது சிறந்தது? இந்தக் கேள்வியில்தான் எங்கள் வீட்டில் ஊரடங்கு முழுக்கச் சண்டை.

என் ஓட்டு முதல் தொகுதிக்கு. அதில் நிற்பவன் கதாநாயகன் இச்சிகோ. பேய்களைப் பார்க்கும் சக்தி உள்ள 15 வயதுப் பள்ளி மாணவன். ஆரஞ்சு நிறத் தலைமுடி, கறுப்பு உடை, மிகப் பெரிய வாள். 'இச்சிகோ' என்று காதால் கேட்டால் ஸ்ட்ராபெர்ரிப் பழம். அவன் பெயரை எழுதும் எழுத்துகளைப் படித்தால் 'ஒன்று', 'காத்தல்' என்று பொருள் வரும். அந்தத் தொகுதிக்குப் பெயரே 'மரணமும் ஸ்ட்ராபெர்ரியும்'. என்னைப் போன்ற பழைய ஆளுக்கு வாள் இருந்தால் போதும், திருப்தி.

என் மனைவியின் ஓட்டு இரண்டாம் தொகுதிக்கு. அதில் இருப்பவள் ருக்கியா, கதையின் முதல் எமதூதி. சிறிய உருவம். காயம் பட்ட நிலையில் தன் சக்தியை இச்சிகோவுக்குக் கொடுத்துவிட்டு, அதுவே குற்றமென்று மரண தண்டனையை எதிர்கொள்கிறவள். "எமன் வீட்டுப் பொண்ணு நம்ம எதிர்வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கா. அதான் பயமா இருக்கு" என்றாள் என் மனைவி. ஓவியக் கல்லூரியில் சொல்லித் தராத விமரிசனம் அது.

மகளின் ஓட்டு மூன்றாம் தொகுதிக்கு. அதன் பெயர் 'மழையில் நினைவுகள்'. உள்ளே இச்சிகோ சிறுவனாக இருந்தபோது தன் தாயை இழந்த கதை வருகிறது. அட்டையில் இச்சிகோவும் இல்லை, தாயும் இல்லை, மழையும் இல்லை. அவனோடு படிக்கும் ஒரிஹிமே என்ற பெண் இருக்கிறாள். "இதுல என்னம்மா இருக்கு, ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு" என்றேன். "அவ ஹேர்பின்னைப் பாருங்கப்பா" என்றாள்.

அந்த ஹேர்பின்னின் கதை முதல் தொகுதியில் வருகிறது. ஒரிஹிமேயை வளர்த்தது அவள் அண்ணன். ஒரு நாள் ஆசையாக ஹேர்பின் வாங்கி வந்து கொடுக்கிறான். சின்னப் பிள்ளைகள் போடுவது மாதிரி இருக்கிறதென்று அவள் கோபித்துக்கொள்கிறாள். அந்தக் கோபத்தில், அவன் வெளியே கிளம்பும்போது 'போய்ட்டு வாங்க' என்று சொல்லவில்லை. அன்று விபத்தில் அவன் இறந்துபோகிறான். அதிலிருந்து தினமும் அந்த ஹேர்பின்னைப் போட்டுக்கொள்கிறாள். செத்துப்போன அண்ணனுக்கு அது தெரியவில்லை. தங்கை தன்னை மறந்துகொண்டே வருகிறாள் என்ற தனிமையில், 'ஹாலோ' என்ற வெள்ளை முகமூடிப் பிசாசாக மாறி அவளையே தாக்க வருகிறான். ஹாலோ என்றால் உள்ளீடற்றது. அந்தப் பிசாசுகள் எல்லாவற்றின் உடம்பிலும் ஓர் ஓட்டை இருக்கும்.

இதைப் படித்துவிட்டு மூன்றாம் தொகுதியின் அட்டையைப் பாருங்கள். பேய் எங்கே என்று நான் கேட்டேனே, பேய் அங்கேதான் இருக்கிறது, அந்த ஹேர்பின்னில். செத்தவர்களைப் பற்றிய கதைக்கு, உயிரோடு மிஞ்சியிருப்பவளை அட்டையில் நிறுத்தி, செத்தவனுக்குச் சுற்றியுள்ள இடத்தை விட்டு வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓவியர் அப்படி நினைத்து வரைந்தாரா என்று கேட்காதீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் ஓட்டை அன்று ராத்திரியே மாற்றிக்கொண்டேன்.

மாற்றிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை இந்த மண்டபத்தில்தான் சொல்ல வேண்டும்.

1984இல் நம் கல்லூரி ஆண்டு மலருக்கு நான் மாணவ ஆசிரியர். அட்டைப்படம் வரைந்தவன் என் அறை நண்பன். என்னைவிட நூறு மடங்கு நல்ல கை. அவன் கொண்டுவந்தது முழுக்க வெள்ளைத் தாள். கீழே ஓர் ஓரத்தில், விடுதி அறை வாசலில் கழற்றி விட்ட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அவ்வளவுதான். "என்னடா இது, செருப்புக் கடை விளம்பரமா?" என்று கேட்டேன். "உள்ள யாரோ இருக்காங்கன்னு தெரியுதில்ல? அது போதும்டா" என்றான்.

எனக்குப் போதவில்லை. மறுநாள் பிளாக் செய்யக் கொடுக்க வேண்டும். அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு, அவன் படத்தின் மேலேயே நம் மணிக்கூண்டை வரைந்தேன். ஒரு குத்துவிளக்கு, ஒரு திறந்த புத்தகம், ஒரு புறா. செருப்பு இருந்த இடத்தில் தாமரை. காலையில் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "நல்லா இருக்குடா. என் பேரை மட்டும் எடுத்துடு" என்றான்.

அதற்கு முன்னாலேயே பெயர் அச்சுக் கோத்தாகிவிட்டது. எடுக்கவில்லை. மலர் அவன் பெயரோடுதான் வந்தது. எல்லோரும் அவன் கையைக் குலுக்கினார்கள், அவன் வரையாத படத்துக்காக! நாங்கள் சண்டை போடவில்லை. பேச்சு குறைந்தது. படிப்பு முடிந்து அவன் அரசு வேலைக்குப் போனான். நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். 'அன்னிக்கு நான் செஞ்சது தப்புடா' என்ற ஒரு வரியை எந்த வாழ்த்து அட்டையிலும் எழுதவில்லை. இடம் நிறையத்தான் இருந்தது.

2020 ஆகஸ்டில் அவன் போய்விட்டான். ஊரடங்கு. போய்ப் பார்க்கவும் வழியில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் மகள் என்னிடம் அந்த ஹேர்பின்னைக் காட்டினாள்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களை அழ வைக்க இதைச் சொல்லவில்லை. இப்போது ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன். இவ்வாண்டுச் சந்திப்பு மலருக்கு உங்களில் ஒரு மாணவி அட்டை வரைந்திருக்கிறாள். மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு, மீதி எல்லாம் வெறும் தாள். குழுவில் இருக்கும் நண்பர்கள் அதை என்னிடம் கொடுத்து, "நிறைய இடம் சும்மா கிடக்கு. மணிக்கூண்டு, பழைய குரூப் போட்டோ ஏதாவது சேர்த்துக் குடுங்களேன்" என்றார்கள். கை பழக்கம், பென்சிலை எடுத்தும் விட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் படம் இதோ, வாங்கியது வாங்கியபடி. குழுவிடம் திருப்பித் தருகிறேன். முடிவு அவர்களுடையது. என் ஓட்டு இப்படியே அச்சிட வேண்டும் என்பதுதான். ஏதாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால், வரைந்த பெண்ணைக் கேட்டு மாற்றுங்கள். அவள் சம்மதிக்காவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுங்கள். மலரில் மறைந்த நண்பர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு ஆண்டும் நீண்டுகொண்டே போகிறது. அவர்கள் வந்து உட்காரவும் அட்டையில் கொஞ்சம் இடம் இருக்கட்டுமே.

கடைசியாக ஒன்று. 'பிளீச்' தொடரின் 74ஆம் தொகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? 'மரணமும் ஸ்ட்ராபெர்ரியும்'. முதல் தொகுதியின் அதே பெயர். 15 ஆண்டுகள் சுற்றிவிட்டு, தொடங்கிய வாசலுக்கே வந்து முடித்திருக்கிறார். நாமும் அப்படித்தானே வந்திருக்கிறோம்? முன் வரிசை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால், காபி இடைவேளையிலேயே சொல்லிவிடுங்கள். வடை சூடாக இருக்கும்போதே சொல்வது நல்லது.