யாருடைய கதை, யார் வாயால்?



தேயிலைத் தோட்டத்து மக்களின் கதையை எழுதுவதற்கு லயத்திலே பிறந்திருக்க வேண்டுமா? நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கிளம்பும் கேள்வி இது. சூடாகப் பேசுகிறோம், அந்தத் தோட்டத்துத் தேநீரையே குடித்துவிட்டுக் கலைந்து போகிறோம்.

புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யை எழுதியது 1935இல். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்து சீரழியும் மருதி என்ற பெண்ணின் கதை. எங்கள் எழுத்தாளர் பலர் பேனா பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது. தூரத்து உறவான அம்மாயி ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கை அவருடையது. பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, “இவரு நம்ம லயத்துல ஒரு ராவாச்சும் படுத்திருக்காரா தம்பி?” என்றார். சற்றுப் பொறுத்து, “சரி, மேல படி” என்றார். என் கணிப்பில் இதைவிட நேர்மையான விமர்சனம் அக்கதைக்குக் கிடைக்கவில்லை. நோயும் மானக்கேடும் உண்மைதான். ஆனால் பெரட்டுக் களத்துப் பகிடியும் நிரை பிடிக்கும் சண்டையும் அதில் இல்லையே என்பது அவர் குறை.

உள்ளிருந்து எழுதினால் வழக்குத் தீர்ந்துவிடுமா? 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். தம் மக்களின் துயரை அவர் நெடுங்கவிதையாக வடித்தது ஆங்கிலத்தில். தொழிலாளி வாசிக்க முடியாத மொழி! அதைச் சக்தீ அ. பால ஐயா தமிழாக்கி, ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று 1969இல் நூலாக்கினார். பிறப்பைக் கொண்டு உரிமை கொடுப்போர் இந்தச் சுற்றுப் பாதைக்கு என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது நாட்டார் பாடல்கள். சி. வி. அவற்றையும் தேடித் தொகுத்தார். அது பெரும் பணி. 1964 உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியோர் பாட்டையும் கூடவே கொண்டு போனார்கள். எழுதி வைத்திராவிட்டால் பல அடிகள் கடலோடு போயிருக்கும். ஆனாலும் பொதுவாகவே நம் தொகுப்பு நூல்களின் அட்டையில் தொகுத்தவர் பேர் இருக்கிறது. பாடியவள்? எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வாய்மொழி என்று குறிக்க ஒரு வரி போதுமே. அந்த ஒரு வரிக்கு நம் பதிப்பாளர்கள் காட்டும் சிக்கனம் எனக்கு விளங்கவில்லை.

அதே அம்மாயி கங்காணியை வைது ஒரு பாட்டுப் பாடினார். பேர் சொல்லியே வைகிற பாட்டு. ஒலிப்பதிவு செய்து கொண்டு, “எழுதிப் போடலாமா?” என்று கேட்டேன்.

“எம் பேர தாராளமா போடு. கங்காணி பேர மட்டும் போட்றாத. அவரு பேத்தி இந்த லயத்துலதான் இருக்கா. நாளைக்கி தண்ணிக் குழாயில மூஞ்சியப் பாக்கணுமில்ல” என்றார்.

பேரைவிட்டால் எதுகை போய்விடும். பாட்டு நொண்டும். எனினும் விட்டுத்தான் எழுதினேன். பின்னர் அந்தப் பேத்தியையும் சந்தித்தேன். அவருக்கும் அந்தப் பாட்டு முழுக்கத் தெரிந்திருந்தது. கூச்சப்படாமல் பாடிக் காட்டினார். அந்த இடம் வந்தபோது எதுகை கெடாமல் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவரின் பேர் வந்து விழுந்தது.