பள்ளத்துல வைக்கிற டயரைத் தாருக்குள்ள போடுங்க!

(செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகிகள் கூட்டத்தில் சாலைகள் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க ஊர் குரூப்ல பகிருங்க.)



திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செய்யூர்னு பல ஊர்ல இருந்து பைக்கிலேயே வந்திருக்கீங்க. வந்த வழியைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரோட்டுல பள்ளம் விழுந்தா நம்ம ஊர்ல என்ன செய்வோம்? பஞ்சர் கடையில கிடக்கிற பழைய டயர் ஒன்னை உருட்டிட்டு வந்து பள்ளத்துல வெச்சு, நடுவுல ஒரு வேப்பங்கொப்பைச் சொருகுவோம். ராத்திரி வர்ற பிள்ளை விழுந்துடக் கூடாதேன்னு. நான் இன்னைக்குப் பேச வந்தது அந்த டயரைப் பத்திதான். ரோடு போடும்போதே அது தாருக்குள்ள போயிருக்கணும்.

ரோடு ஏன் பெயருது? லாரி மேல பழி போட்டுட்டுப் போயிடலாம். குவாரி லாரியும் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா சித்திரை வெயில்ல தார் இளகுது. பஸ் ஸ்டாப் பக்கத்துல பாருங்க, சக்கரம் நிக்கிற இடம் வாய்க்கால் மாதிரி அமுங்கியிருக்கும். வருஷக்கணக்கா வெயில் பட்டதுல தார் வறண்டு விரிசல் விடும். ஐப்பசி மழையில அந்த விரிசல் வழியா தண்ணி இறங்கி, ஜல்லிக்கும் தாருக்கும் நடுவுல புகுந்துக்கும். மேல வண்டி ஏற ஏற, அந்தத் தண்ணி அழுந்தி ஜல்லியைப் பிரிச்சுத் தள்ளும். நேத்து கைவிரல் அளவு ஓட்டை, இன்னைக்கு அண்டா அளவு பள்ளம்.

பழைய டயரைத் தூளாக்கி, கம்பியையும் நூலையும் பிரிச்சுட்டு, கொதிக்கிற தாருல கலந்தா என்ன ஆகுது? ரப்பர் தாருல இருக்கிற எண்ணெயை உறிஞ்சி ஊறிப் பெருக்குது. தார் கெட்டியாகுது. வெயில்ல சுலபமா இளகாது, அதே நேரம் இழுவையும் இருக்கிறதால சட்டுனு விரிசல் விடாது. ஜல்லி மேல தார் தடிமனா ஒட்டும். டயர்ல இருக்கிற கரித்தூள், தார் வயசாகிறதையும் தள்ளிப்போடுது.

இது புது வித்தை இல்ல. 1960-கள்லயே அமெரிக்காவில அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரத்தில சார்லஸ் மெக்டொனால்டுங்கிற மாநகராட்சிப் பொறியாளர் செஞ்சு காட்டினார். அது நம்ம கத்திரி வெயிலையே தோற்கடிக்கிற ஊர். நம்ம நாட்டிலயும் இதுக்கு விதி இருக்கு. 2004-ல வந்த இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15462, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட எஸ்.பி. 53 வழிகாட்டி, ரெண்டும் ரப்பர் கலந்த தாரை ஏத்துக்கிட்டதுதான். (காங்கிரஸ்னு பேர் இருக்கேன்னு பார்க்காதீங்க. அது கட்சி இல்ல, 1934-ல தொடங்கின சாலைப் பொறியாளர்கள் அமைப்பு.) சி.ஆர்.எம்.பி.ன்னு எஸ்டிமேட்ல எழுதினா போதும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையைச் சூடான ஜல்லி மேல தூவி ரோடு போடுற முறையைக் கொண்டுவந்தார். 2006-ல காப்புரிமை, 2018-ல பத்மஸ்ரீ. குப்பையில ரோடு போடலாம்னு நாட்டுக்கே சொல்லிக் கொடுத்தது தமிழ்நாடு. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நாம டயரை என்ன செய்றோம்? போகிக்கு எரிக்கிறோம், ஊரே இருமுது. கொல்லையில போட்டு வைக்கிறோம், மழைத்தண்ணி தேங்கி டெங்கு கொசு வளருது. தயாரிக்கிற கம்பெனியே பழைய டயர் மறுசுழற்சிக்குப் பொறுப்பேத்துக்கணும்னு 2022 ஜூலையில ஒன்றிய அரசு விதி போட்டாச்சு. ரப்பர் தூள் வந்துகிட்டுதான் இருக்கும். அது நம்ம ரோட்டுக்கு வரணும்னு கேக்கத்தான் ஆள் இல்ல.

2019 அக்டோபர்ல பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்துக்கு வந்தாங்க. 2022-ல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சு. அந்த நேரத்துல ரோடு எல்லாம் பளபளன்னு ஆச்சு. ஆக, ரோடு போடத் தெரியும் இவங்களுக்கு! விருந்தாளிக்குப் போடுற இலையை வீட்டுக்காரனுக்கும் போடுங்கன்னுதான் நாம கேக்குறோம்.

இப்போ நம்ம ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டயர் ரோடு டயர் ரோடுன்னு மேடையில அள்ளி விட்டுடாதீங்க. ரப்பர் கலந்த தாருக்கு முதல் செலவு கூடும். நல்ல சூட்டுல, கூழ் கிண்டுற மாதிரி கிண்டிக்கிட்டே இருக்கணும். விட்டா ரப்பர் அடியில தங்கிடும், மேல வர்றது வெறும் தார். அதனால கலக்குற இடத்துலயே சோதனை நடக்கணும். அமெரிக்காவில 1991-ல இதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினாங்க. மாநிலங்கள் தயாரா இல்ல, 1995-ல அந்தக் கட்டாயத்தையே எடுத்துட்டாங்க. அவசரப்பட்டா இங்கயும் அதுதான் நடக்கும்.

இன்னொன்னு, மழைநீர் வடிகால் இல்லாத ரோட்டுல எந்தத் தாரைப் போட்டாலும் நிக்காது. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல போட்டு, வீடெல்லாம் ரோட்டுக்குக் கீழ போன கதையும் நமக்குத் தெரியும். சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021 மே மாசம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதமே எழுதினார். அது உங்க தெருவுல நடந்துச்சான்னு பாருங்க.

நம்ம கோரிக்கை சின்னது. லாரி அதிகம் ஓடுற செங்கல்பட்டு – திருக்கழுக்குன்றம் – மாமல்லபுரம் வழியில சில கிலோமீட்டர் ரப்பர் கலந்த தார், பக்கத்துலயே சில கிலோமீட்டர் சாதாரணத் தார். ரெண்டையும் ஒரே சமயத்துல போடுங்க. ஒவ்வொரு மழைக்கும் பிறகு எத்தனை பள்ளம், ஒட்டுப்போட எவ்வளவு செலவுன்னு மக்கள் பார்க்க வெளியிடுங்க. மூனு மழைக்காலம் பார்ப்போம். ரப்பர் தோத்தா நாமளே ஒத்துக்குவோம்.

ஊராட்சி ரோடுன்னா வர்ற அக்டோபர் 2 கிராமசபையில, "என்ன தார் போடுறீங்க, சோதனை அறிக்கை எங்கே"ன்னு கேட்டு, அதைத் தீர்மான நோட்டுல எழுத வைங்க. மாநில நெடுஞ்சாலைன்னா நெடுஞ்சாலைத் துறை கோட்டப் பொறியாளருக்கு மனு கொடுக்கணும். மனு மாதிரி ஒன்றியச் செயலாளர்கள் கிட்ட இருக்கு, இன்னைக்கே வாங்கிட்டுப் போங்க. கிளம்பும்போது ஹெல்மெட் போடுங்க, இருட்டிடுச்சு.