'அப்படி நடந்திருந்தால்?' என்று பிள்ளைகள் கேட்கட்டும்



"பிள்ளை எந்நேரமும் ஆங்கிலக் கதைப் புத்தகத்தோடு கிடக்கிறான், வரலாற்றுப் பாடத்தைத் தொடுவதே இல்லை" என்று இங்கே சிலர் வருத்தப்பட்டார்கள். வருத்தம் நியாயமானதுதான். 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. ஆனால், அந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைக்கும் கதைகளும் இருக்கின்றன என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

ஒன்று, மாற்று வரலாற்றுக் கதை. நடந்த சம்பவத்தில் ஓரிடத்தில் நின்று, 'இது வேறு மாதிரி நடந்திருந்தால்?' என்று கேட்பது. அதன் தம்பிதான் ஸ்டீம்பங்க். நீராவி இயந்திரமே இன்றுவரை உலகை ஆண்டிருந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனை. 1987-இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் வைத்த பெயர் இது.

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2009-இல் இளையோருக்காக எழுதிய 'லெவியாத்தன்' நாவலைப் பாருங்கள். 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போர்தான் கதை. ஒரு பக்கம் இரும்புக் கால்களால் நடக்கும் போர் இயந்திரங்கள். மறுபக்கம் போருக்கென்றே உருவாக்கிய ராட்சத விலங்குகள். எது உண்மை, எது கற்பனை என்று கடைசியில் ஆசிரியரே பிரித்துச் சொல்லிவிடுகிறார்.

"வெள்ளைக்காரன் கற்பனை நமக்கு எதற்கு?" என்பீர்கள். வங்கத்துப் பெண்மணி ரொக்கேயா 1905-இலேயே 'சுல்தானாவின் கனவு' எழுதினார். பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தில் சமையல், வானில் பறக்கும் வண்டி! அது வெளிவந்தது நம் சென்னைப் பத்திரிகையில். 2015-இல் தென்கிழக்காசிய ஸ்டீம்பங்க் கதைகளைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஜெய்மி கோ மலேசியாவில் பிறந்தவர்.

நம் மலாக்காவில் கதைக்கா பஞ்சம்? அதே 1905-இல் தம்பின் - மலாக்கா ரயில் ஓடத் தொடங்கியது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டத்து மக்களையும் கொண்டுபோனார்கள், ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். அந்த ரயில் நின்றிருந்தால்? அந்த மனிதர்கள் திரும்பியிருந்தால்?

இன்னும் பின்னே போங்கள். தமிழ் முஸ்லிம் வழிவந்த பெண்டஹாரா துன் முத்தாஹிருக்கு 1510-இல் மரண தண்டனை. மறு ஆண்டே அல்புகர்க்கிடம் மலாக்கா வீழ்ந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால்?

இப்படிக் கேட்பது பொய் வரலாறு எழுதுவதற்கல்ல. நாமே உலகை ஆண்டோம் என்று மார்தட்டுவதற்குமல்ல. மாற்றி எழுத வேண்டுமானால், முதலில் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கக் கற்பனைக்குப் பத்துப் பக்க வரலாறு படிக்க வேண்டும்!

'கிளிங்' என்ற சொல் நம் காதில் சுருக்கென்று தைக்கிறது. ஆனால் அதற்குள் கலிங்கமும் கடல் வணிகமும் இருக்கின்றன. தஞ்சோங் கிளிங் பிள்ளைக்குப் பால் வாளி சுமந்த கதை மட்டும் தெரிந்தால் போதுமா? கப்பல் ஓட்டிய கதையும் தெரிய வேண்டாமா?

பெற்றோர்களே, அந்தப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். "உண்மையில் என்ன நடந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். எழுத்தாளர்களே, இந்தக் கதைகளைத் தமிழில் எழுதுங்கள். நடந்தது எல்லாம் தலைவிதி அல்ல, மனிதர்கள் எடுத்த முடிவு என்று புரிந்துகொள்ளும் பிள்ளை, நாளை தன் முடிவைத் தானே எடுக்கும்.