எக்வென்டேனியின் துவரை

துவரம் பருப்பின் அருமையைத் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொல்ல எவரும் வானொலி நிலையத்திற்கு வரவேண்டியதில்லை. ஆயினும் அதே துவரையை, ஆப்பிரிக்காவில் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை மருந்துக்கு நிகராக மதித்து வீடு வீடாகப் பரப்பிய வரலாறு நம்மில் பலர் அறியாதது. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

மலாவி நாட்டின் வடபகுதியில், ம்சூசு நகருக்கு அருகே, எக்வென்டேனி என்னும் சிற்றூர் இருக்கிறது. மேட்டு நிலம், செம்மண். ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். கார்த்திகை, மார்கழியில் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் ஓய்ந்துவிடும். மக்கள் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்பவர்கள். அதன் மாவைக் கெட்டியாகக் களி கிண்டி உண்பார்கள். நம் கேழ்வரகுக் களியை அறிந்தவர்களுக்கு அதன் பக்குவத்தை விளக்க வேண்டியதில்லை.

இப்பகுதிக்குக் கிறிஸ்தவ மிஷன் வந்தது இன்று நேற்றல்ல. 1875-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையினர் நியாசா ஏரிக்கரையில் லிவிங்ஸ்டோனியா என்னும் பெயரால் தம் பணியைத் தொடங்கினர். காய்ச்சல் பலரைப் பலி கொண்டது. இருமுறை இடம் பெயர்ந்து, 1894-இல் ஏரிக்கு மேலே கொண்டோவே மலைமீது நிலைகொண்டனர். அவர்களுள் ராபர்ட் லாஸ் என்னும் மருத்துவர் 1927 வரை அந்நாட்டிலேயே உழைத்தவர். எழுத்தும் கணக்கும் மட்டும் போதா என்று கருதி, தச்சு, கட்டடம், அச்சு ஆகிய தொழில்களையும் கற்பித்தார். ஆனால், தொழில் கற்ற இளைஞன் அதை எங்கே செய்வான்? ஊரில் கூலி இல்லை. வரி மட்டும் உண்டு. ஆகவே படித்தவர்கள் தெற்கே ரொடீஷியாவுக்கும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கும் நடந்தார்கள். பள்ளி சிறந்தது; ஊர் காலியாயிற்று. கல்வி, மருத்துவம், பிழைப்பு என்று மூன்று பணிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவற்றுள் மூன்றாவதே மிகக் கடினம் என்பது என் எண்ணம்.

எக்வென்டேனி மருத்துவமனை இந்த மிஷனின் வழிவந்த திருச்சபையைச் சார்ந்தது. 1990-களில் அங்கே ஒரு துயரம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. போஷாக்கின்றி மெலிந்த குழந்தையைத் தாய் கொண்டுவருவாள். சில வாரங்கள் சத்துணவு கொடுப்பார்கள், குழந்தை தேறும், வீடு திரும்பும். சில மாதங்கள் கழித்து அதே குழந்தை, அதே நிலையில், அதே வாசலில் வந்து நிற்கும். மருத்துவமனையின் தாதிகளும், ரேச்சல் பெஸ்னர் கெர் என்னும் கனடா நாட்டு ஆய்வாளரும், தாய்மாரிடம் குழந்தையின் உடலைப் பற்றி மட்டும் கேளாமல், வயலைப் பற்றியும் கேட்டார்கள். விடை தெளிவாயிருந்தது. அரசாங்கம் உரத்துக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தியிருந்தது. நாணயத்தின் மதிப்பும் வீழ்ந்திருந்தது. உரத்தின் விலை ஏழைக்கு எட்டாததாயிற்று. உரமின்றி அந்த மண்ணில் மக்காச்சோளம் விளையாது. அறுவடைக்கு மூன்று நான்கு மாதங்கள் முன்பே குதிர் காலியாகிவிடும். மழை பெய்து வயல் பச்சென்றிருக்கும் தை, மாசி மாதங்களே அங்கே பட்டினி மாதங்கள்.

நோயின் வேர் மண்ணில் இருக்கிறது என்று கண்டபின் மருத்துவமனை செய்ததுதான் வியப்பு. 2000-ஆம் ஆண்டில், ஏழு கிராமங்களில், முப்பது உழவர்களுடன் அது வேளாண்மையில் இறங்கியது. மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டும் பயிர்கள் பலவற்றை முன்வைத்து, நீங்களே விதைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றது. பூனைக்காலி ஒன்று; நம் கொழுஞ்சிக்கு உறவான செடி ஒன்று; துவரையோடு சோயா மொச்சை, துவரையோடு நிலக்கடலை என்று இணைப் பயிர்கள். நிலத்தை மட்டும் கருதினால் பூனைக்காலியை மிஞ்ச எளிதல்ல. ஆனால் அதன் விதையை நஞ்சு நீங்கப் பல முறை வேகவைக்க வேண்டும். விறகு சுமப்பவர்களும் தண்ணீர் சுமப்பவர்களும் பெண்கள். மண்ணும் உண்ண வேண்டும், பிள்ளையும் உண்ண வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. துவரையும் கடலையும் வென்றன.

இந்தத் தேர்வின் நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். துவரை முளைத்தபின் நெடுநாள் குட்டையாகவே நிற்கும். அதற்குள் கடலை படர்ந்து, விளைந்து, பிடுங்கப்பட்டுவிடும். ஒன்றன் வெளிச்சத்தை ஒன்று பறிப்பதில்லை. மழை ஓய்ந்தபின் துவரை தன் ஆணிவேரை ஆழத்தில் செலுத்தி, எஞ்சிய ஈரத்தைக் குடித்து, மற்ற பயிரெல்லாம் காய்ந்த காலத்தில் பூத்துக் காய்க்கும். இரண்டின் வேர்முடிச்சுகளும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. கொடியையும் உதிர்ந்த இலையையும் புதைத்த நிலத்தில் மறு ஆண்டு மக்காச்சோளம் வைத்தால், வாங்கிய உரம் குறைவாயினும் கதிர் தேறும். மலாவியின் தென்பகுதியார் துவரையை நண்டோலோ என்று அழைத்து நெடுங்காலமாக உண்டு வந்தவர்கள். வடபகுதியாருக்கு அது பெரும்பாலும் புதிது.

சொல்லும்போது எளிதாயிருக்கிறது. அங்கே ஏர் இல்லை. மண்வெட்டியால் பார் கட்டுவதே முறை. அறுவடை முடிந்த களைப்பில், கொடி காயுமுன் அதைப் பாருக்குள் புதைக்க வேண்டும். குவித்துக் கொளுத்திவிடுவது எளிது. அதுவே பலருடைய வழக்கம். இந்தக் கூடுதல் வேலை பெரிதும் பெண்களின் தலைமீதே விழுந்தது. ஆடுகளின் தொல்லை வேறு. சோளம் அறுத்தபின் கால்நடைகளை அவிழ்த்துவிடுவது அங்கும் உண்டு. வெற்று வயலில் துவரை மட்டும் பச்சையாக நின்றால் ஆடு விடுமா? விதைக்கும் பஞ்சம். வாங்கிய விதையை விளைச்சலிலிருந்து திருப்பித் தந்தால் அது அடுத்தவருக்குப் போகும் என்று ஒரு விதை வங்கியை அமைத்துச் சமாளித்தார்கள்.

வயலில் விளைந்தது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேரவேண்டுமே! கடலைக்குச் சந்தையில் நல்ல விலை. விற்ற பணம் கணவன் கையில். அதில் ஒரு பகுதி சாராயத்துக்குப் போனது என்று பெண்கள் வெளிப்படையாகவே கூறினர். மேலும், அந்நாட்டின் வடபகுதியில் மணமான பெண் கணவன் ஊரில் வாழ்பவள். கைக்குழந்தைக்கு எப்போது கஞ்சி கொடுப்பது, எதைக் கலப்பது என்பதெல்லாம் மாமியார் சொல்படி. பிறந்து சில மாதங்களிலேயே நீர்த்த சோளக்கஞ்சி புகட்டும் வழக்கம் இருந்தது. தாதிகள் இளந்தாய்க்கு எவ்வளவு போதித்தும் பயன் இல்லை. வீட்டில் ஆட்சி அவளுடையதாக இருந்தால்தானே! ஆகவே பாட்டிமாரைத் தனியே கூட்டிப் பேசினார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று தள்ளாமல், உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் தொடங்கியதே நன்மையாக முடிந்தது. எய்ட்ஸ் நோய் இளந்தலைமுறையை வாரிக்கொண்டு போன அந்நாட்களில், பெற்றோரை இழந்த பேரக்குழந்தைகளை வளர்த்தவர்களும் அப்பாட்டிமாரே. சமையல் நாட்கள் என்று வைத்து, சோயாவையும் துவரையையும் சமைக்க ஊரைக் கூட்டினார்கள். ஆடவரும் வந்து அடுப்பருகே அமர வேண்டும் என்பது ஏற்பாடு. கேலி எழுந்தது; பிறகு அடங்கியது.

சில ஆண்டுகளுக்குள் முப்பது உழவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் ஆயினர். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆண்டுதோறும் எடை பார்த்து வந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியாயிற்று. நெடுநாள் ஈடுபட்ட கிராமங்களில் குழந்தைகளின் எடை வயதுக்கேற்ப முன்னேறியிருந்தது. பட்டினி மாதங்கள் மறைந்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். மழை பொய்த்தால் எந்தப் பயிரும் தோற்கும்.

நம் நாட்டுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. ஆப்பிரிக்கா சென்ற துவரை இந்தியாவிலிருந்து போனது. இன்று மலாவியும் மொசாம்பிக்கும் ஏற்றுமதி செய்யும் துவரையில் பெரும்பகுதி நம் குழம்புச் சட்டிக்கே திரும்பி வருகிறது. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு விதித்தபோது, அவ்விரு நாடுகளிலும் விலை சரிந்தது. இங்குள்ள உழவரைக் காக்க எழுந்த ஆணை அங்குள்ள உழவரைத் தாக்கியது. விற்பனைக்கென்றே விதைத்தவர்கள் அதிகமாக இழந்தார்கள். வீட்டுக்கென்று விதைத்தவர்களுக்கு உண்ண மிஞ்சியது.

மருத்துவமனையில் தொடங்கிய இந்தப் பணி பின்னர் தனி நிறுவனமாக வளர்ந்தது. எக்வென்டேனிக்கு அருகே புவாபுவா என்னும் இடத்தில் அதற்கு ஒரு பயிற்சி நிலையம் உண்டு. அங்கே கற்பிப்பவர்கள் பெரும்பாலும் உழவர்களே. அவர்களுள் சிலர் டான்சானியாவின் சிங்கிடா பகுதிக்குச் சென்று, அங்குள்ள உழவர்களுக்குப் பயறு கலந்து பயிரிடும் முறையையும், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் பக்குவத்தையும் சொல்லிக்கொடுத்துத் திரும்பியிருக்கிறார்கள்.