பாடும் பறவையின் மூளை



குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவது நீங்கள் அறிந்ததே. காக்கையிடம் வளர்ந்தும் குயில் பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. அக்கூவல் எவரும் கற்பித்ததன்று, பிறவியில் அமைந்தது. உயிரியலார் 'பாடும் பறவைகள்' என வகுத்துள்ள பெருங்கூட்டத்தில் குயிலுக்கு இடமில்லை, காக்கைக்கு உண்டு! கவிஞர்கள் இதனை ஒப்புவார்களோ என்னவோ. இவ்வகுப்பு மரபுவழி உறவை ஒட்டியது, இனிமையை ஒட்டியதன்று. இக்கூட்டத்துப் பறவைகளின் சிறப்பு, குரலைக் கேட்டுக் கற்பது. கிளிகளுக்கும் அத்திறன் உண்டு. நமக்கு நெருங்கிய உறவான குரங்கினங்களிடமோ அது மிகக் குறைவு. மனிதப் பேச்சை ஆராய்வோர் பறவையை நாடுவதற்கு இதுவே காரணம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டபிள்யூ. எச். தார்ப் 1950களில் சாஃபிஞ்ச் என்னும் ஐரோப்பியக் குருவியின் குஞ்சுகளைப் பிற குருவிகளின் பாட்டு எட்டாத இடத்தில் வளர்த்தார். அவை பாடின, ஆயினும் அப்பாட்டு குறைபட்டதாக இருந்தது. 1965இல் மசகாசு கொனிஷி வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. பெரிய குருவியின் பாட்டை இளமையில் கேட்ட குஞ்சும்கூட, தான் பாடத் தொடங்குமுன் செவிப்புலனை இழந்தால் சரியாகப் பாடுவதில்லை. எனவே, கேட்டல் இருவகைப்படும். ஆசிரியரைக் கேட்பது ஒன்று. தன் குரலைத் தானே கேட்பது மற்றொன்று.

இன்று ஆய்வுக்கூடங்களில் மிகுதியாக வளர்க்கப்படுவது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சீப்ரா பிஞ்ச். நம் வயல்களில் மேயும் சில்லைகளின் குடும்பத்தைச் சேர்ந்த இக்குருவியில் ஆண் மட்டுமே பாடும். குஞ்சு முதல் இரண்டு மாதங்களுக்குள் தந்தையின் பாட்டை மனத்தில் வாங்கிக்கொள்கிறது. ஏறத்தாழ ஒரு மாத வயதில் மழலைபோலக் குரலெழுப்பத் தொடங்குகிறது. மூன்று மாதத்தில் பாட்டு உறுதிப்படுகிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் அநேகமாக அதே பாட்டுத்தான்.

இதனை நடத்தும் மூளை எத்தகையது? பாட்டுக்கென்றே அமைந்த நரம்பணுத் திரள்களைக் கேனரிப் பறவையில் பெர்னாண்டோ நொட்டெபோமும் உடன் பணியாற்றியோரும் 1976இல் விவரித்தனர். எச்.வி.சி. என்னும் திரளிலிருந்து ஆர்.ஏ. என்னும் திரளுக்கும், அங்கிருந்து மூளைத்தண்டின் வழியாக, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்திலுள்ள குரலுறுப்புக்கும் ஆணை செல்கிறது. சீப்ரா பிஞ்சில் ஆர்.ஏ.வுக்குச் செய்தி அனுப்பும் எச்.வி.சி. நரம்பணு ஒவ்வொன்றும், பாட்டின் ஓர் ஆவர்த்தத்தில் ஒரே ஒரு தடவை, ஏறத்தாழ 10 மில்லி செகண்டு நேரமே துடிக்கிறது என்பது 2002இல் தெரியவந்தது. 2008இல் அத்திரளைச் சற்றுக் குளிர்வித்துப் பார்த்தனர். பாட்டின் அமைப்புக் கெடாமல், கச்சேரியில் காலப்பிரமாணத்தைத் தளர்த்தினாற்போல, முழுப்பாட்டும் மெதுவாயிற்று. இத்துறையில் இதைவிட அழகிய சோதனை இல்லை என்பது என் கருத்து.

மேற்சொன்னது பாடும் பாதை. கற்கும் பாதை வேறு. அது ஏரியா எக்ஸ் என்னும் திரளின் வழியாகச் சுற்றி, எல்மேன் என்னும் திரளை அடைந்து, ஆர்.ஏ.வில் வந்து சேர்கிறது. எல்மேனைச் சிதைத்தால் முதிர்ந்த பறவையின் பாட்டு பெரிதும் மாறுவதில்லை, குஞ்சின் கல்வியோ குலைகிறது என 1984இல் கண்டனர். குஞ்சின் தடுமாற்றத்தில் பெரும்பகுதியை இத்திரளே விளைவிக்கிறது என்பது 2005இல் புலனாயிற்று. பலவாறு பாடிப் பார்த்தால்தானே சரியானது அகப்படும்? அதனைத் தெரிந்தெடுப்பதற்கு உதவுவது டோபமின் என்னும் வேதிப்பொருள். 2016இல் விக்ரம் கடக்கர் முதலியோர், பறவை பாடும்போதே ஓரசையின் ஓசையைத் திரித்து அதன் காதில் விழச் செய்தனர். ஏரியா எக்ஸுக்குச் செல்லும் டோபமின் நரம்பணுக்களின் துடிப்பு அப்போது தாழ்ந்தது. எதிர்பார்த்த பிழை நேராதபோது உயர்ந்தது. வெளியிலிருந்து எவரும் பரிசளிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மதிப்பெண் இடுவது பறவையின் மூளையே.

இதில் நம் திட்டங்களுக்கு என்ன தொடர்பு என்று அதிகாரிகள் கேட்கலாம். பறவை வேறு, குழந்தை வேறு. சோதனை முடிவை அப்படியே பெயர்த்து வைப்பது தவறு. ஆயினும் உரிய பருவத்தில் கேட்டல், தன் குரலைக் கேட்டுத் திருத்தல் ஆகிய இரண்டும் குழந்தைக்கும் வேண்டும். காது கேளாத குழந்தையின் மழலை காலந்தாழ்ந்தே வருகிறது. பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் வல்லுநர் கைக்கொள்ளும் அளவுகோல். இந்தியாவில் 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம், கண்டறிய வேண்டிய குறைகளுள் பிறவிக் காது கேளாமையையும் சேர்த்துள்ளது.

உதவி என்றதும் கருவியை மட்டும் எண்ண வேண்டா. சைகை மொழி வழங்கும் பெற்றோரிடம் வளரும் காது கேளாக் குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுகின்றன என்பதை 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளைக்கு வேண்டியது மொழி. அது செவிவழி வந்தாலென்ன, கண்வழி வந்தாலென்ன? ஆகவே மாவட்டப் பதிவேட்டில் சோதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. குறை கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனையாவது மாதத்தில் கருவியோ சைகை மொழியோ கிடைத்தது என்று குறிக்க ஒரு பத்தியும் அதில் இருத்தல் வேண்டும்.