மூன்று மாதச் சர்க்கரையும் மூன்றாம் ஷிப்டும்



இந்தக் கருத்தரங்கு ஓசூரில் நடப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த மாத்திரை நாளைக்கு யாருக்குத் தேவைப்படும் என்பதை ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா? இன்றைய அமர்வுகளின் கேள்வி அதுதான்.

சிப்காட் தொழிற்பேட்டையில் மூன்றாம் ஷிப்டு முடித்து வெளியே வருபவரிடம், ரத்தம் எடுக்கும் முன் “வெறும் வயிறா?” என்று கேட்டால், “ஆமா சார்” என்பார். காலை டிபன் சாப்பிடவில்லை என்பது அவர் கணக்கு. நள்ளிரவுக்கு மேல் கேன்டீனில் சாப்பிட்ட சோறும், நாலு மணிக்குக் குடித்த டீயும் அந்தக் கணக்கில் வராது. எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால்தானே அது வெறும் வயிற்றுச் சர்க்கரை? இங்கேதான் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை கைகொடுக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதால், ராத்திரிச் சோறு முடிவை மாற்றாது. நோயைக் கண்டறிய இதைப் பயன்படுத்தலாம், எல்லை 6.5 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்றது.

ஆனால் இந்த வட்டாரத்தில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இங்கே அசெம்பிளி லைன்களில் இளம்பெண்கள் ஏராளம். தமிழகப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்து குறைந்தால் எச்பிஏ1சி பொய்யாக ஏறும். 5.9 என்று வந்த ஒரு தாளை வைத்து இருபத்திரண்டு வயதுப் பெண்ணைச் ‘சுகர் வரப்போகிறவர்’ ஆக்கிவிடலாம். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வருவோரில் சிலருக்கு அரிவாள் செல் மரபு இருக்கக்கூடும்; அவர்களிடம் அளவு இறங்கிக் காட்டலாம். ஹீமோகுளோபின் பார்க்காமல் எச்பிஏ1சி மட்டும் எடுக்கும் முகாம், பாதி முகாம்தான்.

இன்னும் முன்னாலேயே சொல்லும் ரத்தக் குறியீடுகளும் உண்டு. லியூசின், வாலின் உள்ளிட்ட ஐந்து அமினோ அமிலங்கள், நீரிழிவு வருவதற்குப் 12 ஆண்டு முன்பே உயர்ந்திருக்கக்கூடும் என்று 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அருமையான அறிவியல், தாலுகா ஆய்வகத்துக்கு எட்டாத இயந்திரம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கோ ஒரு இஞ்ச் டேப் போதும்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற கேள்வி. 60 அல்லது அதற்கு மேல் வந்தவருக்கு முதலில் ரத்தம் எடுக்கலாம்.

தெரிந்துகொண்டு என்ன செய்ய? அதற்கும் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, உணவு மாற்றத்தைக் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். ஷிப்டு மாறி மாறி வரும் ஆளுக்கு அந்த நடையை எந்த நேரத்தில் வைப்பது என்பதை முதல் அமர்வு எடுத்துக்கொள்ளட்டும். ஓசூரில் எடுத்த ரத்தத்தின் முடிவு, அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் பெங்களூரில் மருத்துவரைப் பார்ப்பவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை மதிய அமர்வு பேசட்டும்.